வெளிநாட்டில் வாழ்பவர்கள் அவசர சிகிச்சைக்கு எந்த மருத்துவமனை என்பதை எப்போது, எப்படித் தீர்மானிப்பது?

தொலைதூரன் (இழையைத் தொடங்கியவர்)

ஏழு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதையொட்டிய ஐயங்களை இங்கே கேட்க விரும்புகிறேன். எங்களோடு வந்து தங்கியிருக்கும் என் மாமனார் ஒரு நாள் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டார். சொற்கள் குழறின, வலக்கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பக்கவாதமாக இருக்கலாம் என்பது எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் கணமே தோன்றியது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட நாமே கொண்டுபோவது விரைவு என்று எண்ணி, அவரைக் காரில் ஏற்றி ஏழு நிமிடத் தொலைவில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். தூய்மையான இடம், அன்பான ஊழியர்கள், நல்ல பெயர். வேறு எங்கும் போவதைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை.

அங்கே அந்த நேரத்தில் பணியில் இருந்தது ஒரே ஒரு பொது மருத்துவர். சிடி ஸ்கேன் கருவி இருந்தது, ஆனால் அதை இயக்குபவரை வீட்டிலிருந்து அழைக்க வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவர் காலை ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்களே ஆம்புலன்ஸ் வரவழைத்து அரசுப் பொது மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த அரசு மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடியது. மாமனார் உயிர் பிழைத்தார், கைத்தடியுடன் நடக்கிறார், பேச்சு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

அந்த மருத்துவமனையின் மீது குற்றம் சுமத்த நான் இதை எழுதவில்லை. அவர்கள் தம்மால் முடிந்ததைச் செய்தார்கள். எந்த நோய்க்கு எந்த மருத்துவமனை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் இருந்தது எங்கள் பிழை. வெளிநாட்டில் வாழ்பவர் இதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆம்புலன்ஸை நம்பலாமா? காப்பீட்டு நிறுவனம் தரும் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது சரியா? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

இரவுப்பணிச் செவிலி

வணக்கம் ஐயா. மாமனார் மேலும் தேறி வர வேண்டும். இரு நாடுகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், "நல்ல மருத்துவமனை" என்ற சொல்லை அவசர சிகிச்சையைப் பொறுத்தவரை நாம் கைவிட வேண்டும். பிரசவத்துக்குச் சிறந்த இடம் பக்கவாதத்துக்கு ஏற்ற இடமாக இருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, "இந்த நோய்க்குத் தேவையான கருவியும் ஆளும் இந்த நேரத்தில் இங்கே இருக்கின்றனவா?" என்பதுதான். இரவு மூன்று மணிக்கும் விடுமுறை நாளிலும் அதற்கு என்ன விடை கிடைக்கிறது என்பதை வைத்தே ஓர் இடத்தை மதிப்பிட வேண்டும்.

பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா, அல்லது வெடித்து இரத்தம் கசிகிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது. அடைப்பாக இருந்தால் இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். கசிவு இருக்கும்போது அதே மருந்து உயிரைப் பறிக்கும். ஆகவே ஸ்கேன் இல்லாமல் எதையும் தொடங்க இயலாது. அந்த மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்குள்ளும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடையின் அல்லது கையின் இரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்தி இரத்தக்கட்டை வெளியே எடுக்கும் முறை இருக்கிறது. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள், ஆனால் இதைச் செய்யும் மையங்கள் எல்லா ஊரிலும் இல்லை. தூக்கத்திலிருந்து அறிகுறியோடு எழுந்தவருக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்கும். எனவே "நேற்றிரவு எத்தனை மணிக்கு அவரோடு சரியாகப் பேசினீர்கள்?" என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மாரடைப்பில் அடைபட்ட குழாயை பலூன் வைத்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி, அதாவது கேத் லேப், 24 மணி நேரமும் இயங்குகிறதா என்பது முதல் கேள்வி. மார்வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுப்பதும், முழு அடைப்பு என்று தெரிந்தால் வந்து சேர்ந்த 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறப்பதும் பல நாடுகளில் பின்பற்றப்படும் இலக்குகள். கேத் லேப் இருக்கிறது, ஆனால் பகலில் மட்டும் என்ற நிலை உலகெங்கும் மிகப் பரவலாக உண்டு. பெரிய விபத்து என்றால் இரத்த வங்கி, எந்நேரமும் திறந்திருக்கும் அறுவை அரங்கு, எலும்பு மருத்துவர், மூளை அறுவை மருத்துவர் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் இது அரசு மருத்துவமனையிலோ பல்கலைக்கழக மருத்துவமனையிலோதான் கிடைக்கும்.

இப்போது ஆம்புலன்ஸ் பற்றி. ஒழுங்காக இயங்கும் ஆம்புலன்ஸ் சேவையை வெறும் வண்டி என்று எண்ணக் கூடாது. சரியான மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அதனுடையது. லண்டனில் 2010 ஆம் ஆண்டு பக்கவாதத்தின் தொடக்கச் சிகிச்சையை ஏறத்தாழ முப்பது மருத்துவமனைகளிலிருந்து எடுத்து 8 சிறப்பு மையங்களில் குவித்தார்கள். அதன்பின் ஆம்புலன்ஸ்கள் அருகில் உள்ள மருத்துவமனையைக் கடந்து அந்த மையங்களுக்குப் போகத் தொடங்கின, இறப்பு விகிதமும் குறைந்தது. தொலைவு கூடியும் உயிர்கள் பிழைத்தன என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். மேலும், ஆம்புலன்ஸில் வருபவரைப் பற்றி முன்கூட்டியே தகவல் போய்விடுவதால் ஸ்கேன் அறை தயாராக இருக்கும். காரில் வந்து இறங்குபவர் முதலில் பதிவு மேசைக்கு வருகிறார்.

நடைப்பாதை

செவிலி அம்மாவின் பதிவு மிகப் பயனுள்ளது. ஆனால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். இது ஆம்புலன்ஸ் சேவை நன்கு அமைந்த நாடுகளுக்குப் பொருந்தும். நான் பணிபுரியும் நாட்டில் தலைநகருக்கு வெளியே ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் மயங்கி விழுந்தபோது ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். அத்தகைய இடத்தில் "காரில் போகாதீர்கள்" என்ற அறிவுரை ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று: சர்வதேசத் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளையே நான் இதுவரை தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன். உள்ளூர் மொழி தெரியாத எனக்கு, ஆங்கிலம் பேசும் மருத்துவர்கள் இருப்பதும் சான்று இருப்பதும் பெரிய ஆறுதல். அதைப் பொருளற்றது என்று தள்ளிவிட முடியுமா?

இரவுப்பணிச் செவிலி

உங்கள் முதல் மறுப்பை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. நான் எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதியது சரியன்று. ஆம்புலன்ஸ் வருமா, வந்தால் அதில் பயிற்சி பெற்றவர் இருப்பாரா என்பதை அந்த ஊரில் நெடுநாள் வாழ்பவர்களிடம் கேட்டறிய வேண்டும். வராது என்றால், எந்த வண்டியில், யார் ஓட்ட, எந்த வழியாக, எங்கே போவது என்று முன்பே முடிவு செய்து, கிளம்பும்போதே அந்த அவசரப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து "பக்கவாத அறிகுறி, இத்தனை மணிக்குத் தொடங்கியது, இத்தனை நிமிடத்தில் வருகிறோம்" என்று சொல்லிவிட வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மார்வலி வந்தவர் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வழியில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நினைவிழந்தால், அவரோடு சாலையில் செல்லும் மற்றவர்களும் ஆபத்தில் சிக்குவார்கள்.

தரச்சான்று பற்றி: மருத்துவமனைகளை ஆய்வு செய்து சான்று தரும் சர்வதேச அமைப்பான ஜேசிஐ போன்றவை தரும் சான்றுகளைப் பொருளற்றவை என்று சொல்ல மாட்டேன். மருந்து மாறிப் போகாமல் தடுக்கும் முறை, தொற்றுத் தடுப்பு, நோயாளியை அடையாளம் காணும் முறை போன்றவற்றை அவர்கள் கண்டிப்பாக ஆராய்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஆனால் மருத்துவமனை முழுவதற்கும் தரப்படும் அந்தச் சான்றைப் பார்த்து, இரவு மூன்று மணிக்கு அங்கே கேத் லேப் இயங்கும் என்று முடிவு கட்ட முடியாது. முழங்கால் மாற்று அறுவைக்கும் கண் அறுவைக்கும் திட்டமிட்டுப் போகும்போது சான்றைப் பாருங்கள். உயிர் போகும் வேளையில் நான் முன்பு சொன்ன கேள்விகளைப் பாருங்கள்.

மொழி உண்மையிலேயே பெரிய சிக்கல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும்; பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளிலும் கேட்டால் கிடைக்கும். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தாத்தாவின் நிலை மோசம் என்ற செய்தியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் பாட்டியிடம் சொல்ல நேர்ந்ததை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

காப்பீட்டு மேசை

காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பணியில் இருப்பவன் நான். தொலைதூரன் ஐயா கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை எழுதுகிறேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியல் என்பது பணம் செலுத்தும் ஒப்பந்தம் உள்ள இடங்களின் பட்டியல் மட்டுமே. அதில் தோல் சிகிச்சை நிலையமும் இருக்கும், அவசரப் பிரிவே இல்லாத மருத்துவமனையும் இருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலையில் அந்தப் பட்டியலைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் உண்மையான அவசரத்துக்கு நிறுவனத்தின் முன்அனுமதி கேட்கப்படுவதில்லை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். உங்கள் பாலிசியில் அந்த வரி எப்படி இருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் படியுங்கள்.

சில நாடுகளின் சட்டத்தை அறிந்திருப்பது அச்சத்தைக் குறைக்கும். அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கு பெறும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் கட்டும் திறன் பாராமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையில் இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். ஆனால் அதற்கான பில் பின்னர் வரும். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வேறொரு சட்டம், ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள மருத்துவமனை அவசர சிகிச்சைக்குக் கூடுதலாகப் பில் போடுவதைத் தடுக்கிறது. அச்சட்டம் தரைவழி ஆம்புலன்ஸ் கட்டணத்தைத் தொடவில்லை. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு நாம் எடுக்கும் பயணக் காப்பீட்டுக்கும் பொருந்தாது. இதை அறியாமல் தவிக்கும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். பிரிட்டனிலோ, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தரப்படும் சிகிச்சைக்கு எந்த நாட்டவரிடமும் கட்டணம் இல்லை. உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட பிறகுதான், தகுதி இல்லாதவர்க்குக் கட்டணம் தொடங்கும்.

பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் மற்றொரு குழி, முன்பிருந்தே உள்ள நோய். இரத்தக் கொதிப்பை மறைத்துப் பாலிசி எடுத்துவிட்டு, பக்கவாதம் வந்தபின் கோரிக்கை மறுக்கப்படுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிரீமியம் கூடினாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவசரகால விமான ஆம்புலன்ஸுக்குக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் அது "தகுந்த சிகிச்சை கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம்" வரைதான். சொந்த நாட்டுக்குக் கொண்டுபோவது என்று நாமாகப் பொருள்கொள்ளக் கூடாது. தூதரகம் பில்லைக் கட்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். உறவினருக்குத் தகவல் தருவது, மருத்துவர்களின் பட்டியல் தருவது போன்ற உதவிகளே அங்கிருந்து கிடைக்கும்.

இரட்டையர் அம்மா

குழந்தைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன். பெரியவர்களுக்குச் சிறந்த மருத்துவமனையில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவோ தீவிர சிகிச்சைப் பிரிவோ இல்லாமல் இருக்கலாம். என் இரட்டையர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். ஒருவனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. நாங்கள் மூன்று நாடுகள் மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் வீடு பார்ப்பதற்கு முன்பே குழந்தைகள் அவசரப் பிரிவு எங்கே என்று பார்த்துவிடுவேன்.

மருந்துப் பெயர் விஷயத்தில் ஒருமுறை பெரிதும் குழம்பினேன். நாங்கள் சால்பியூட்டமால் என்று சொன்ன ஆஸ்துமா மருந்தை அமெரிக்காவில் ஆல்பியூட்டரால் என்றே அழைக்கிறார்கள். பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டாமினோஃபென் என்று பெயர், அட்ரினலினுக்கு எபிநெஃப்ரின். கடைப்பெயரை மட்டும் சொன்னால் எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியாது. மருந்தின் பொதுப்பெயரை, இரு வழக்கிலும், அளவோடு எழுதி வைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில நாடுகளில் இரத்தச் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கிலும், சில நாடுகளில் மில்லிமோல் கணக்கிலும் சொல்கிறார்கள். முதல் எண்ணை 18 ஆல் வகுத்தால் இரண்டாவது வரும். 180 என்பது 10 ஆகும். "சர்க்கரை பத்து" என்று கேட்டு என் அம்மா நடுங்கிப்போன நாள் எனக்கு நினைவிருக்கிறது.

மேலும், எது அவசரம் என்பதில் தெளிவு வேண்டும். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் பெரிய மருத்துவமனைக்கு ஓடினால், அங்கே பல நாடுகளில் வழக்கமாக உள்ள, நோயின் அவசரத்தைப் பொறுத்து வகுத்த ஐந்து படி வரிசையில் நம்மைக் கடைசிப் படியில் வைப்பார்கள், பல மணி நேரம் காத்திருக்க நேரும். அதற்குப் பிரிட்டனில் 111, ஜெர்மனியில் 116117 என்று தனி எண்கள் உள்ளன. அழைத்தால் எங்கே போவது என்று அவர்களே வழிகாட்டுவார்கள். ஆனால் மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கிடையே உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை துவண்டு எழுப்ப முடியாமல் கிடந்தால், ஆலோசனை எண்ணை அழைக்காமல் நேரடியாக ஆம்புலன்ஸ் எண்ணையே அழைக்க வேண்டும்.

நடைப்பாதை

அம்மா எண்களைச் சொன்னதால் நானும் சேர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, ஜப்பானில் 119, ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு 998, சவூதியில் 997. ஒரே நாட்டில் காவலுக்கு ஓர் எண்ணும் ஆம்புலன்ஸுக்கு வேறோர் எண்ணும் இருப்பதால், புதிதாக வருபவர்கள் மாற்றி அழைத்துவிடுகிறார்கள். செவிலி அம்மா சொன்னதை நினைத்துப் பார்த்து, நேற்று எனக்குப் பழக்கமான சான்று பெற்ற மருத்துவமனையை அழைத்துக் கேட்டேன். இரவில் கேத் லேப் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக அங்கேதான் போவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தொலைதூரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இரண்டு வாரங்களில் செய்ததைச் சொல்கிறேன், இன்னொருவருக்கு உதவலாம்.

முதல் நாள் எங்கள் பகுதியில் உள்ள நான்கு மருத்துவமனைகளை அழைத்தேன். "அவசரப் பிரிவு உண்டா?" என்று கேட்டபோது நான்கு இடத்திலும் உண்டு என்றார்கள். "ஞாயிறு இரவு இரண்டு மணிக்குப் பக்கவாத நோயாளி வந்தால் ஸ்கேன் எடுத்து, கரைக்கும் மருந்து கொடுப்பீர்களா, அல்லது வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேள்வியை மாற்றியபோது இரண்டு இடங்களில் அனுப்புவோம் என்றார்கள். அனுப்புவோம் என்று சொன்ன இருவரும் ஒரே அரசு மருத்துவமனையின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரே எனக்குத் தேவையாக இருந்தது. இதைக் கண்டறிய நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு குடும்ப மருத்துவரிடம் "உங்கள் தாயாருக்கு இப்படி ஆனால் எங்கே கொண்டுபோவீர்கள்?" என்று கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

மகளுக்கு வேறு மருத்துவமனை. அது எதிர்த்திசையில் இருக்கிறது. மனைவியும் நானும் ஓர் இரவு இரண்டு இடங்களுக்கும் காரில் போய், அவசரப் பிரிவின் வாயில் எந்தப் பக்கம், இரவில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று பார்த்து வந்தோம். அரசு மருத்துவமனையின் முன்வாயில் இரவில் பூட்டப்படுகிறது. அவசரப் பிரிவுக்குப் பின்தெரு வழியாகத்தான் போக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எங்கள் பாலிசியில் எழுதியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் எண்ணை என் தொலைபேசியிலும் மனைவியின் தொலைபேசியிலும் சேர்த்துவிட்டோம்.

ஒரு தாளில் ஆம்புலன்ஸ் எண், கட்டட எண்ணும் மாடியும் சேர்ந்த எங்கள் முகவரி உள்ளூர் மொழி உச்சரிப்பில் தமிழ் எழுத்தில், மாமனாரின் நோய்கள், மருந்துகளின் பொதுப்பெயர்கள், அவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்ற குறிப்பு, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். பகலில் வீட்டில் மாமனாரும் மாமியாரும் மட்டுமே இருப்பார்கள் என்பதால், மாமியார் அந்த முகவரியைப் பாராமல் சொல்லும்வரை பழகிவிட்டார். மாமனாரும் காலையில் அந்தத் தாளின் முன் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கிறார். தெருப்பெயர் வரை இப்போது தெளிவாக வருகிறது. மாடி எண்ணில்தான் இன்னும் நா தடுமாறுகிறது.